கதவில்லாத வீட்டின் வீடியோ

"உங்கட ஊர் அக்கராயன்தானே? இஞ்ச பாருமன், பாவம் இந்த அம்மா" என்று விடுதித் தோழி தன் போனை என் முன்னால் நீட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். திரையில் நின்றது என் அம்மா.

"அது என்ர அம்மா" என்றேன். அவள் சட்டென்று போனைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மற்றவர்களின் வயலில் களை பிடுங்கி என்னை வவுனியாக் கம்பஸ் வரைக்கும் அனுப்பியவர் அம்மா. பயம் வந்தது, வீடியோவை முழுதாகப் பார்த்த பிறகுதான்.

எங்கள் பக்கம் இப்படி வீடியோ எடுப்பவர்கள் வருவது வழக்கம். வீட்டில் இருக்கும் குறையைக் காட்டினால் வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்து, இரங்கி, உதவி அனுப்புவார்கள். உதவிப் பணத்தில் கட்டத் தொடங்கிய எங்கள் வீட்டுத்திட்ட வீடு சுவரோடும் கூரையோடும் நின்றுபோனது. வாசலுக்குத் தகரம் சாத்தி, கல்லை முட்டுக்கொடுத்துப் படுப்போம். அம்மா கேட்டது ஒரு கதவு மட்டும்தான். எனக்குச் சொல்லாமல் கேட்டிருந்தார்.

"என்ர மனிசன் இல்லைத் தம்பி. பிள்ளையும் கம்பசுக்குப் போயிட்டுது. நான் தனியத்தான்" என்று அம்மா சொல்ல, வீடியோக்காரர் ஒற்றை விரலால் தகரத்தைத் தள்ளிக் காட்டினார். அது விழுந்தது. பார்ப்பவர்கள் நம்பவேண்டும் என்பதற்காகக் குளக்கட்டிலிருந்து எங்கள் வேலிப் படலை வரைக்கும் வந்த பாதையையும் எடுத்துப் போட்டிருந்தார்.

கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். அநேகம் பேர் அழுதிருந்தார்கள். ஒருவன் மட்டும், "அம்மா தனியவோ? தகரம்தானே" என்று எழுதிச் சிரிப்புப் படம் போட்டிருந்தான். வேறொருவர் வீடு எங்கே என்று கேட்க, ஊர்க்காரர் ஒருவர் நல்ல மனத்தோடு, கோயில் தாண்டி இடது பக்கம் என்று விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

வீடியோக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, அதை அழியுங்கோ."

"அழிச்சா கதவு வராது தங்கச்சி. லண்டன்ல ஒரு அண்ணை ஓமெண்டிட்டார். அதோட, நான் அழிச்சும் என்ன? மற்றப் பேஜ்காரர் வெட்டி, பாட்டும் போட்டு விட்டிட்டாங்கள்."

உண்மைதான். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கே சோகப் பாட்டோடு அது வந்து சேர்ந்தது.

பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அம்மா சந்தோஷமாக இருந்தார். "ரெண்டு பெடியள் மோட்டார் சைக்கிள்ல வந்தவங்கள். வீடியோவில வந்த அம்மா நீங்கள்தானே எண்டு கேட்டாங்கள். நல்ல பெடியள்."

"வேற என்ன கேட்டவங்கள்?"

"மகள் எப்ப வருவா எண்டு."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தச் சிரிப்புப் படத்தை அவர் காணவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே கதவு வந்தது. தச்சர் அதைப் பொருத்திக் கொடுத்ததும், நன்றி வீடியோ எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரர் வந்தார். நான் ஒத்துக்கொண்டேன். தாழ்ப்பாளைப் பெரிதாகக் காட்டச் சொன்னேன். முதல் வீடியோவைப் பார்த்த எல்லோரும் இதையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அவசரம். கமெராவைப் பார்த்து, "இனி நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சதான்" என்றேன்.

"இல்லைத் தம்பி" என்று அம்மா இடையில் வந்தார். "பிள்ளை திங்கக்கிழமை போயிடும். ஆனா எனக்கு இனிப் பயமில்லை."

"அந்த இடத்தை வெட்டுங்கோ" என்றேன்.

"அதுதானே தங்கச்சி நல்ல இடம்."

"என்ர கண்ணுக்கு முன்னால வெட்டுங்கோ."

வெட்டினார். ஆனால் கதவு கிடைத்த வீடியோவை அவ்வளவாக ஒருவரும் பார்க்கவில்லை. தகரம் விழும் வீடியோ மட்டும் போன் போனாகப் போய்க்கொண்டேயிருந்தது.

திங்கட்கிழமை மாங்குளம் தாண்டும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"தாழ்ப்பாள் போட்டனீங்களே?"

"உனக்கென்ன விசரே? பகல்ல ஆரும் கதவு பூட்டுவினமே? அயல் என்ன நினைக்கும்?" என்றவர், "பொறு பிள்ளை, ஆரோ கூப்பிடினம்" என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. எழும்பிப் போய் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னேன்.

"கம்பசுக்கு இன்னும் எவ்வளவு தூரம் கிடக்குத் தங்கச்சி" என்றார் கொண்டக்டர்.

இறங்கி, வீதியின் மறுபக்கம் போய் நின்றேன். வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு அக்கா; முருங்கையிலை கேட்டு வந்திருக்கிறார். அம்மா போனில் அதைச் சொன்னபோது நான் ஊருக்குப் பஸ் மாறும் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்திருந்தேன். அங்கிருந்து மறுபடி வவுனியா பஸ் ஏற எனக்குக் கால் வரவில்லை.