தெய்வநாயகி வரைந்த இலைகள்

1976 ஐப்பசியில் பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் நோய் விழுந்தது. மழை விட்ட மறுநாள் வெற்றிலையில் மிளகளவு ஒரு கரும்புள்ளி தெரியும். நாலாம் நாள் அது எட்டணாக் காசளவு ஆகிவிடும். பத்தாம் நாள் கொடியே துவண்டு தொங்கும். கந்தப்பனின் அரை ஏக்கர் கொடிக்காலில் மூன்று வரிசை அப்படிப் போயிற்று.

விவசாய அலுவலர் கைலாசம் சைக்கிளில் வந்து பார்த்தார். நோய் கண்ட இலைகளை ஈரத்துணியில் சுற்றி, வெளியூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்தது: இலைகள் அழுகிய நிலையில் வந்து சேர்ந்தன, நோயைக் கண்டறிய இயலவில்லை.

"போட்டோ புடிச்சு அனுப்பலாங்களா?" என்று கேட்டாள் கந்தப்பனின் மனைவி தெய்வநாயகி. எட்டாவது வரை படித்தவள். அப்போது முப்பத்திரண்டு வயது.

"கறுப்பு வெள்ளைப் படத்துல புள்ளி எது, நிழல் எதுன்னே தெரியாதும்மா. அவங்களுக்கு நிறம் தெரியணும்."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. மகள் வேலுமணியின் பள்ளிக்கூடப் பையில் பன்னிரண்டு வில்லை கொண்ட வண்ணப்பெட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, நோய் கண்ட இலை ஒன்றைக் கிள்ளி வந்து பலகைமேல் வைத்து உட்கார்ந்தாள்.

வந்தது கிளிப்பச்சை. கந்தப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏம்புள்ள, இது வெத்தலையா, பூவரச எலையா?"

"சிரிக்காதீங்க மாமா. நாளைக்குப் பாருங்க" என்றாள்.

நாளைக்கும் சரியாக வரவில்லை. ஒரு வாரம் காகிதத்தைப் பாழாக்கிய பிறகுதான், வெற்றிலையின் பச்சை பச்சை வில்லையில் இல்லை என்று பிடிபட்டது. மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, தூரிகை நுனியில் துளி சிவப்பைத் தொட்டபோது பளபளப்பு அடங்கி நிஜமான இலை எழுந்து வந்தது. நரம்புக்கு முதலில் வெள்ளையைப் பூசிப் பார்த்தாள்; சேறு மாதிரி ஆனது. பிறகு அந்த இடத்தில் சாயமே படாமல் காகிதத்தை அப்படியே விட்டாள். நரம்பு தானாகத் தெரிந்தது.

நோயின் புள்ளிதான் கடைசிவரை ஏய்த்தது. ஒருநாள் காயாத பச்சைமேல் பழுப்புச் சொட்டு ஒன்று தவறி விழுந்தது. துடைக்க முந்தானையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். சொட்டு மெல்லப் பரவி, நடுவில் கறுத்து, ஓரத்தில் வெளுத்து வளையம் கட்டியது. கொடிக்காலில் நோய் பரவுவதும் அப்படித்தான்.

கைலாசம் அந்தப் படத்தை அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. வளையங்கள் தெளிவாக இருப்பதால் நோய் பிடிபட்டதாகவும், வாடிய கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றவற்றுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த கலவையை ஊற்றும்படியும் எழுதியிருந்தார்கள். இன்னும் இரண்டு வரிசை போனது. மிச்சம் பிழைத்தது.

அடுத்த முறை கரூருக்கு வெற்றிலை ஏற்றிப் போன கந்தப்பன், கெட்டிக் காகிதமும் இரண்டு தூரிகையும் வாங்கி வந்தான். "அந்தத் துக்குணூண்டு பிரஷ்ஷை வெச்சுட்டுக் கண்ணைக் கெடுத்துக்காத" என்று மட்டும் சொன்னான்.

நாலைந்து வருஷம் அந்த நிலையத்துக்கு அவள் வரைந்தாள். பூச்சி கடித்த இலை, வெயிலில் காய்ந்த இலை, தண்ணீர் தேங்கி மஞ்சளான இலை என்று அறுபது படத்துக்குமேல் போயின. 1981இல் கைலாசத்துக்கு மாற்றல் வந்தது. பின்னாலேயே ஒரு கடிதமும் வந்தது. நிலையத்தில் கலர் கேமரா வாங்கிவிட்டார்கள். இனிப் படங்கள் தேவைப்படாது.

தெய்வநாயகி வண்ணப்பெட்டியைப் பரண்மேல் போட்டாள்.

"ஏன், சும்மா வரையறதுதானே?" என்றான் கந்தப்பன்.

"ஆருக்குன்னு வரையறதுங்க?"

எட்டு மாசம் பெட்டி இறங்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை. கொடிக்காலில், கூலிக்கு வரும் அங்காளம்மாள் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் மாட்டிய தகர நகம் டிக் டிக்கென்று காம்புகளை வெட்டியது. அகத்தி மரங்களின் இடுக்கில் இறங்கிய வெயில், பனியில் நனைந்த அந்தக் கைகளில் விட்டுவிட்டு விழுந்தது. இத்தனை வருஷம் இலையையே பார்த்த தெய்வநாயகி, அன்றுதான் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போனவள் நேராகப் பரணில் ஏறினாள்.

படத்தில் அந்தக் கை எளிதில் வரவில்லை. அங்காளம்மாளை உட்காரச் சொன்னாள்.

"சும்மா குந்தியிருந்தா கை மரத்துப் போவுதுங்க. நான் பாட்டுக்குக் கிள்ளறேன், நீங்க பாட்டுக்கு வரைங்க."

அதனால் பலகையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பின்னாலேயே நடந்து வரைந்தாள். அசையும் கையை ஒவ்வொரு விரலாகப் பிடிக்க முடியாது. நாலு இழுப்பில் பிடிக்க வேண்டும். எத்தனையோ காகிதம் கெட்டது. அடுத்த மார்கழியில்தான் ஒரு படம் தேறியது.

அங்காளம்மாள் தகர நகத்தைக் கழற்றிவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"என்ற கையேதானுங்க! சுண்டுவெரலு மடங்காதே, அதுகூட வந்துருச்சு பாருங்க. இது எனக்குத்தானுங்களே?"

தெய்வநாயகி மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. கிள்ளுகிறவர்கள், அடுக்குகிறவர்கள், வாய்க்காலில் இலைக்கட்டை நனைக்கிறவர்கள் என்று வரைந்துகொண்டே இருந்தாள்.

1986இல் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்து ஓவியக் கண்காட்சிக்கு அவளையும் கூப்பிட்டார்கள். கைப்படத்தை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டாள். அங்காளம்மாள் கொடுத்தனுப்பச் சம்மதிக்கவில்லை. பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தானும் பஸ் ஏறிவிட்டாள்.

தெய்வநாயகி கூச்சத்தில் மூலையில் நின்றிருக்க, அங்காளம்மாள் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "யார் வரைஞ்சது இது?" என்று கேட்டார்.

"அதா நிக்கறாங்களே, எங்க நாயகியம்மா வரைஞ்சதுங்க" என்றாள் அங்காளம்மாள். "கை என்னுதுங்க."