அம்மாவின் பேஸ் கிட்டாரும் அலமாரி பல்பும்

நம் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்குகிற பேஸ் கிட்டாரைப் பார்த்து, "இது விலை கம்மியான கிட்டாராமே?" என்று யாராவது கேட்டால், நீங்கள் இரண்டு பேரும் உடனே என் முகத்தைப் பார்க்கிறீர்கள். ஆமாம், விலை கம்மிதான். அதற்காக நாம் தலைகுனிய ஒன்றும் இல்லை. அது எப்படிச் சரியானது என்பதை எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அது வந்த வருடம் பெரியவன் ஐந்தாம் வகுப்பு. சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. நம் தேவாலயத்தில் பாட்டுக்கு அடிச்சுரம் தரும் பேஸ் கிட்டார் வாசித்தவர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, ஆராதனை முடிந்த பிறகு அவருடைய கிட்டாரை வாங்கி வாங்கித் தட்டிப் பார்த்தே பாதி படித்திருந்தாள். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள்.

"ஏங்க, அந்த எடத்துக்கு நான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"பாடகர் குழுத் தலைவர்கிட்டதான். பின்ன உங்க ஜீப்புகிட்டயா?"

குழுத் தலைவர் அம்மாவைவிட வயதில் இளையவர். கீபோர்டு வாசிப்பவர். நல்ல மனிதர், ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். அவர் சொன்னது இதுதான்: "அக்கா, அறுப்பின் பண்டிகைக்கு உங்க கிட்டார் ஒழுங்கா பேசுச்சுன்னா எடம் உங்களுக்கு. இல்லன்னா பேஸ் பாகத்த என் இடது கை பாத்துக்கும். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

ஆக அந்தக் கிட்டார் நன்றாக இருந்தால் அம்மாவுக்கு இடம். இல்லையென்றால் இல்லை.

ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கினோம்; நல்ல மழையில்தான் பெட்டி வந்து சேர்ந்தது. விலை குறைந்த பொருளைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் குறை சொல்லாதே. முதலில் எது நன்றாக இருக்கிறது என்று பார். பலகை வாங்கும்போது ஆசாரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அப்படிக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். முறுக்கல் இல்லை. நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது, அவ்வளவுதான். முறுக்கிய கழுத்தை யாராலும் திருத்த முடியாது, குழிந்ததைத் திருத்தலாம். தந்தி முறுக்கும் காதுகள் நாலும் ஆடாமல் நின்றன. வயர் சொருகுகிற துளையின் நட்டு மட்டும் லொடலொட என்றிருந்தது. அதை ஒரு ஸ்பானர் பார்த்துக்கொண்டது.

தந்திகள் விரல் வைக்கும் பலகையிலிருந்து மிக உயரத்தில் நின்றன. அழுத்தினால் அம்மாவுக்கு விரல் வலித்தது. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கோல் ஓடுகிறது. தலைப் பக்கம் இருக்கும் துளையில் வளைந்த அலன் கீயை விட்டு அதை இறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் குழியும். இதைப் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். கால் சுற்று இறுக்கினேன். பிறகு தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் உயரத்தைக் குறைத்தேன். கடைசியாக ஒவ்வொரு தந்தியையும் வெறுமையாக மீட்டி, பின் சரிபாதியில் அழுத்தி மீட்டி, இரண்டும் ஒரே சுரமாகக் கேட்கிறதா என்று பார்த்தேன். பாதியில் சுரம் ஏறிப் பேசிய தந்தியைப் பிரிட்ஜில் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன்.

அம்மா வாசித்தாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "எருமை பாடுது!" என்று சின்னவள் கை தட்டினாள்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், இது நல்ல கிட்டார் என்று. அந்தப் பேச்சிலிருந்து நான் பிறகும் மாறவில்லை.

அம்மா அதைத் துடைத்து, பண்டிகைச் சேலைகள் தொங்கும் மர அலமாரிக்குள் நிறுத்தி வைத்தாள். நம் மலை ஊர் அலமாரி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க உள்ளே ஒரு குண்டு பல்பு எரியும். இல்லாவிட்டால் சேலை, சர்டிபிகேட், தோல் செருப்பு எல்லாவற்றிலும் பூசணம் பிடித்துவிடும். எல்.இ.டி. பல்பில் சூடு வராது என்பதால் பழைய பல்புகளை நான் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் நல்ல பொருளுக்கெல்லாம் அதுதான் இடம். கிட்டாருக்கும் அதையே கொடுத்தோம்.

சில நாளில் கிட்டார் இரைய ஆரம்பித்தது. தந்திகள் பலகையில் இருக்கும் உலோகப் பட்டைகளில் உரசி ஒரே கரகரப்பு. போதாததற்கு அந்தப் பட்டைகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு அம்மாவின் கையைக் கீறின.

"வாங்கும்போது இப்பிடியா இருந்துச்சு? ரம்பம் மாதிரில்ல இருக்கு."

கழுத்து நிமிர்ந்து பின்பக்கம் வளைந்திருந்தது. இறுக்கியதைத் தளர்த்தினேன். இரைச்சல் நின்றது. சரியாகிவிட்டது என்று ஆலயத்துக்குக் கொண்டுபோனோம். பண்டிகைக்கு முந்திய வாரம், வாத்தியங்கள் எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று தலைவர் சொன்னதால் விட்டுவிட்டு வந்தோம். கதவு திறந்தால் மூடுபனி தன் பாட்டுக்கு வந்து பெஞ்சில் உட்காரும் இடம் அது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. தந்திகள் மறுபடியும் உயரத்தில் நின்றன. சுருதி இறங்கிக் கிடந்தது. அம்மா அழுத்தி அழுத்தி வாசித்ததில் ஒவ்வொரு சுரமும் ஒரு பக்கம் இழுத்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, இது ஏத்தத்துல நின்னுபோற வண்டி. திருப்பி அனுப்ப நாள் இருக்குல்ல? அனுப்பிடுங்க. அக்கா, நீங்க பழையபடி பாடுங்க. உங்க குரலுக்கு என்ன கொறச்சல்?"

அம்மா வயரைக் கழற்றிச் சுருட்டினாள். ஜீப்பில் வரும் வழியெல்லாம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றுதான் இருந்தது. "கிட்டார்ல குத்தம் இல்ல. நான் பாத்துருக்கேன்."

"குத்தம் இல்லாததுக்குத்தான் இவ்வளவு பேச்சா?"

மறுநாள் காலை பண்டிகைச் சேலையை எடுக்க அலமாரியைத் திறந்தாள். சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இதத் தொட்டுப் பாருங்க."

சுடச்சுட இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது.

"இதுக்குள்ள அது இத்தன நாளு நின்னுருக்கு. கட்டை காஞ்சு சுருங்காம என்ன செய்யும்? பட்டை முனை வெளிய வந்தது அதனாலதான். அங்க கொண்டுபோனா பனியக் குடிச்சு ஊதிருது. நீங்க வீட்ல காஞ்ச கட்டைக்கு அளவு வைக்கிறீங்க, நான் கோவில்ல நனஞ்ச கட்டைய வாசிக்கிறேன்."

பெரியவன் பல்லைத் துலக்கிக்கொண்டே, "அப்போ கிட்டாருக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டான். அது ஏறக்குறைய சரிதான்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. உடனே ஆலயத்துக்குத் திரும்பக் கொண்டுபோனோம். கேரட், முட்டைக்கோஸ், ஏலக்காய், ஒரு பலாப்பழம் எல்லாம் அறுவடைக் காணிக்கையாகப் படைக்க வந்து குவிந்துகொண்டிருந்தன. கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்காமல் ஒரு பெஞ்சில் சாய்த்து, அந்தக் காற்றிலேயே சாயங்காலம் வரை விட்டோம். பிறகு வாசிக்கிற இடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, உயரம் வைத்து, பாதிச் சுரம் பார்த்து. அம்மா வாசித்துக் காட்ட, நான் திருக, அவள் "போதும்" என்றாள். அவள் போதும் என்றால் போதும். ராத்திரிக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஞாயிறு காலை தலைவர் கீபோர்டில் இரண்டு கையையும் வைத்துத் தயாராக இருந்தார். அம்மாவைப் பார்த்து, "அக்கா, நானும் சேந்தே வாசிக்கிறேன், ஒரு பாதுகாப்புக்கு" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பாட்டு தொடங்கியது. நான் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். முதல் சரணத்தில் கீபோர்டின் அடிச்சுரமும் அம்மாவின் தந்தியும் சேர்ந்தே கேட்டன. எது எது என்று பிரிக்க முடியவில்லை. சின்னவள் பெஞ்சில் கையை வைத்து, "அப்பா, பலகை நடுங்குது" என்றாள். இரண்டாவது சரணத்தின் நடுவில் தலைவருடைய இடது கை கீபோர்டின் கட்டைகளை விட்டு மேலே வந்தது. ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் அந்தரத்தில் நின்றது. பிறகு பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிட்டு, முழங்கால் மேல் போய் உட்கார்ந்தது. பாட்டு முடியும் வரை அங்கேயே இருந்தது. அடிச்சுரம் மட்டும் நிற்கவில்லை.

அம்மா கண்ணைக் கிட்டாரின் கழுத்திலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், முன்னறை உள்சுவரில் நாட்காட்டி மாட்டிய ஆணியைப் பிடுங்கி, பெரிய ஆணியாக அடித்துக் கிட்டாரைத் தொங்கவிட்டேன். அலமாரி பல்பு சேலைகளுக்கு மட்டும் என்றானது. ஆணி அடித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன், "நீ பாக்கல. அவரு இடது கைய எடுத்துட்டாரு."

"நான் பாக்கலன்னு யாரு சொன்னா?" என்றாள் உங்கள் அம்மா. "நேரா அடிங்க, சாஞ்சிருக்கு."