கறுப்பு வராத பேனர்

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டில் ஆளுக்கு நாலு வேலை இருக்கும். எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. இரத்தினபுரி பஸாருக்குப் போய், மண்டப வாசலில் கட்டும் பேனரை வாங்கி வருவது. நான் பெண்ணுக்குத் தாய்மாமன். சமையல் பக்கம் விட்டால் ருசி பார்த்தே பாதியைக் காலி பண்ணிவிடுவேன் என்று என் அக்காவுக்குத் தெரியும்.

கல்யாணப் பெண் தர்ஷினியும் கூட வந்தாள். தையல் கடையில் அவளுடைய பிளவுஸ் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பரமேஸ்வரியும் வந்தார். மாவனல்லைப் பக்கத்திலிருந்து முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர்.

இந்த அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று டீயைக் குடித்துக்கொண்டே, "புள்ள தங்கமான புள்ளதான்... கலர்தான் கொஞ்சம் கம்மி" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. அடுப்படி வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து தர்ஷினி அவரிடம் அளந்துதான் பேசுவாள்.

பேனர் கடை முரளி என் சிநேகிதன். தமிழில் பேசுவான், சிங்களத்தில் வியாபாரம் பண்ணுவான், மெஷினை மட்டும் இரண்டு மொழியிலும் திட்டுவான். நாங்கள் போனபோது இரண்டாவது மொழிக்கு வந்திருந்தான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேனர் மேலிருந்து கீழாக ஊர்ந்து வந்தது. முதலில் பிள்ளையார். பிறகு 'மணமக்களை வாழ்த்த வருக'. அப்புறம் தர்ஷினியின் தலைமுடி...

செம்பட்டை. மருதாணி போட்டு ஊறவைத்த மாதிரி ஒரு நிறம். நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அதற்குக் கீழே முகம் வந்தது பாருங்கள் — பால்கோவா.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான் லட்சணமா இருக்கு. முரளி தம்பி, அந்தக் கோட்ட மட்டும் மறைச்சிருங்க. மொகத்துல கை வைக்காதீங்க."

தர்ஷினி அந்தப் பால்கோவாவை உற்றுப் பார்த்தாள். பிறகு, "முரளி மாமா, மெஷின நிப்பாட்டுங்க" என்றாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் அத்தை.

"நல்லா இருக்கு அத்தை. ஆனா அது நான் இல்லையே. வாசல்ல இந்தப் பொண்ணப் பாத்துட்டு உள்ள வர்றவங்க, மணவறையில வேற யாரோ உக்காந்திருக்கான்னு நெனப்பாங்க."

குரல் உயரவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. பெண் பார்த்த நாளின் கோபம் அத்தனையும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது.

முரளி மெஷினை நிறுத்தினான். விஷயம் இதுதான். மெஷினின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. மையை அவற்றின் வழியாகத்தான் துப்பும். கறுப்பு மையின் ஓட்டைகள் காய்ந்து அடைத்துக்கொண்டன. கறுப்பு இல்லாவிட்டால் முடி செம்பட்டை, முகம் வெள்ளை.

"கழுவிப் பாத்தேன் மச்சான், தொறக்கல" என்றான் முரளி. "புதுத் தலை கொழும்புல இருந்து வரணும். இப்போதைக்கு நடக்காது."

"அப்ப என்ன செய்யிறது?"

"கறுப்ப விட்டுட்டு, நீலம், சிவப்பு, மஞ்சள் மூணையும் சேத்துக் கறுப்பாக்கலாம். ஒரே எடத்துல மெஷின திரும்பத் திரும்ப ஓட்டுனா, அடைச்ச ஓட்டை விட்ட எடத்த மத்த ஓட்டைங்க ரொப்பிரும். கோடு தெரியாது. ஆனா ரொம்ப மெதுவாத்தான் வரும்."

"பரவாயில்ல, நான் இருக்கேன்" என்று தர்ஷினி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நீங்க போயி பிளவுஸ வாங்கிட்டு வாங்களேன்."

வெளியே மழை. இரத்தினபுரியில் மழை பெய்தது என்று எழுதுவதே மை வீண். நனைந்துகொண்டே போனேன்.

போகும்போது ஒரு யோசனை. எந்தக் கல்யாண வீட்டில்தான் இந்த வித்தை நடக்கவில்லை? பந்தி பரிமாற வேண்டிய மூத்த மருமகன் போனோடு ஒரு மூலையில் அடைத்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் இரண்டு தடவை கூடுதலாக ஓடி இடைவெளியை ரொப்பிவிடுவார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கோடு தெரியாது. வீடியோவில் மட்டும் மூத்த மருமகன்தான் பெரிதாகத் தெரிவார்!

திரும்பி வந்தபோது அத்தை மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருந்தார். ஸ்பீக்கரில். தன் பக்கம் ஒரு ஓட்டு விழும் என்ற நம்பிக்கை.

"சதீஷு, படத்துல பொண்ணு அவ்வளவு அழகா வந்திருக்கு. அத மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீயே சொல்லு."

மாப்பிள்ளையின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அத்தை, நான் பாத்துப் புடிச்சிருக்குன்னு சொன்னது தர்ஷினியத்தான். அவங்க எப்படி இருக்காங்களோ, அப்படியே வரட்டும்."

தர்ஷினி சட்டென்று மழையை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கன்னம் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்கு எந்த மையும் தேவைப்படவில்லை.

"மாமாட்ட கொஞ்சம் குடுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. நான் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"மாமா... பேனர்ல என் போட்டோவும் இருக்குல்ல?"

"ஆமா."

"அத நானே போன்ல கொஞ்சம்... வெளிச்சமாக்கித்தான் அனுப்புனேன். அதுல ஒண்ணும் செய்யாதீங்க. அப்படியே இருக்கட்டுமே."

மாப்பிள்ளை கேட்கிறார்... சரி என்றேன்.

கடைக்கு முன்னால் இருள் கட்டும் நேரத்தில் பேனர் முழுதாக வந்தது. தர்ஷினி அச்சு அசலாக தர்ஷினி. கறுத்த அடர்ந்த முடி, மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே அவளுடைய சொந்த நிறம், அந்தச் சிரிப்பு. அத்தை கிட்டப் போய்ப் பார்த்தார். தூரப் போயும் பார்த்தார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் எடுத்துக் காட்டுது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். தர்ஷினி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பஸ் வரை நடந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் பேனரைக் கட்டினோம். மாப்பிள்ளை சதீஷ் சீக்கிரமே வந்து இறங்கினார். டீ-ஷர்ட்டும் தோளில் துவாயுமாக, பேனரின் கீழே நின்று நான் நீட்டிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது நாதஸ்வரக் கோஷ்டியின் வேன் வந்தது. தலைவர் இறங்கினார். படத்தை அண்ணாந்து பார்த்தார். சதீஷைப் பார்த்தார்.

"தம்பி, மாப்பிள வந்துட்டாருங்களா?"

சதீஷ் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"வந்துக்கிட்டே இருக்காருங்க."