எல்லாத் தளங்களுக்கும் ஒரே வரி

பழைய ரப்பர் தோட்டத்து மக்கள் சங்கங்களின் இணையதளங்களை, மலேசியாவின் ஈப்போ நகரில் உட்கார்ந்துகொண்டு சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவன் நான்தான். தாப்பாவிலிருந்து சித்தியவான் வரை சங்கத்துக்கு ஒரு தளம். எல்லாம் ஒரே மென்பொருளுக்குள். தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயம் போலத்தான்: தனித்தனிக் கதவு, பொதுக் கூரை.

சித்தியவான் பக்கத்துத் தளத்தைக் கவனிப்பவர் ஓர் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார். வயதை இருவருமே ஒப்புக்கொள்வதில்லை. அவர் குடியிருக்கும் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மாற்று வீடு தராமலே லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தளத்தின் உச்சியில் அவர் எழுதி வைத்திருந்தார்: ‘வீடு கொடுக்காமல் நகர மாட்டோம்.’

சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவருக்கு அது உறுத்தியது. அரசு தரும் டத்தோ பட்டத்துக்குக் காத்திருப்பவருக்கு எதுதான் உறுத்தாது?

“தம்பி, எல்லா சைட்டுக்கும் மேல ஒரே வரி வர்ற மாதிரி பண்ணுங்க. ‘ஒன்றுபடுவோம், உயர்வோம்’னு போடலாம். அந்தம்மா வரி தானா மறைஞ்சிரும்லா.”

வீரமாக மறுத்திருக்கலாம். “சரிங்க” என்றேன். எல்லாத் தளங்களையும் ஆளும் தலைமைப் பலகையில் ஒரு பெட்டி, அதன் கீழே ‘சேமி’ பொத்தான். பெட்டி காலியாக இருந்தால் காட்டுவதற்கு, சோதனைக்காக, கைக்கு வந்த வரி ஒன்றை நிரலில் எழுதினேன். கைக்கு வந்தது அக்காவுடையது.

தனித் தளத்தின் அமைப்பை மென்பொருளே சேமித்துக்கொள்ளும். எல்லாத் தளங்களுக்குமான அமைப்பைச் சேமிக்கும் வேலையை நாம்தான் எழுத வேண்டும். கையேட்டில் இருக்கிறதாம். அலமாரி நிறைய நாவல் வைத்திருப்பவன் கையேட்டைத் திறப்பானா?

தலைவர் தம் வரியைத் தட்டிப் பொத்தானை அழுத்தினார். எதுவும் சேமிக்கப்படவில்லை; பெட்டி காலியாகவே நின்றது. அக்காவின் வரி எல்லாத் தளங்களின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்தது.

அக்கா அழைத்தார். “அண்ணே, தாப்பா சைட்ல எங்க வரி! அங்கேருந்து போன் மேல போன். உங்களோட நாங்களும் வந்து நிக்கிறோம்ங்கிறாங்க. நீங்களா போட்டீங்க?”

“தவறுதலா வந்துருச்சுக்கா.”

“அப்ப எடுத்துருவீங்க.”

தலைவரும் அழைத்தார். “என்னய்யா கூத்து இது? உடனே சரி பண்ணு!”

சரி செய்தேன். சேமிக்கும் பகுதியை ஒழுங்காக எழுதினேன். பெட்டியில் அக்காவின் வரியைத் தட்டி, அழுத்தினேன். சேமித்தது. தலைவரின் அனுமதியை நீக்கினேன்.

“சரி பண்ணிட்டேன் தலைவரே.”

“பின்ன ஏன் அதே வரி நிக்கிது?”

“முந்தி தப்பா நின்னுச்சு. இப்ப நான் போட்டு நிக்கிது.”

“பாஸ்வேர்டைக் கொடுய்யா!”

“அக்கா கைக்கு வீட்டுச் சாவி வரட்டும், தாரேன்.”

அக்கா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். கூட்டமைப்பு எனக்குப் பதில் வேறு ஆள் தேடுகிறது. சம்பளம் இல்லை என்றதும் ஓடிவிடுகிறார்கள்.