சீந்தில் கஷாயமும் அக்காவின் கிட்னியும்

அந்தக் கஷாயத்தின் வாடை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. சீச்சீ, நினைத்தாலே குமட்டுகிறது.

எனக்குள் இருப்பது அக்காவின் கிட்னி. அதை என் உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, காலை எட்டு, இரவு எட்டு என்று மணி தவறாமல் மாத்திரை போட வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைப்பதுதான் அதன் வேலையே. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மல்லேஸ்வரத்து அத்தைக்கு மட்டும் ஏறவில்லை. "எதிர்ப்பு சக்தியே இல்லாம எப்படிப்பா இருப்பே? டாக்டருங்க சொல்வாங்க, விடு" என்று, தன் வீட்டு காம்பவுண்டில் படர்ந்திருந்த கன்னடத்து அமிர்தபள்ளியை, நம் சீந்தில் கொடிதான், இடித்துக் காய்ச்சி ஃபிளாஸ்கில் கொண்டுவந்தார். பச்சைச் சளி மாதிரி வழவழவென்று ஒரு டம்ளர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெட்ரோ பிடித்து வந்தவர் மனசு நோகக்கூடாதாம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூன்று வாரம், தினமும். படித்த முட்டாள் என்றால் நான்தான்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் கழிவு எகிறியிருந்தது. கிட்னியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியைத் தாக்கத் தொடங்கிவிட்டதாம். "வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் துணைக்கு வந்த அத்தை.

"இல்லீங்க சார்" என்றேன். தூ! கிட்னி போகிற நேரத்திலும் மரியாதை பார்க்கிற ஜென்மம்.

"அந்த மாத்திரைதான் கெடுக்குது, நான் அப்பவே சொன்னேன்" என்றபடி அத்தை பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினார். வாடை அறையெங்கும் பரவியது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபிளாஸ்கைப் பிடுங்கி டாக்டர் மேசைமேல் வைத்தாள்.

"சீந்திலா? அடக்கி வச்ச எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

வார்டில் சேர்த்து மூன்று நாள் ஊசி போட்டார்கள். கிட்னி தப்பியது, முழுசாக இல்லை. கெட்ட பாகம் கெட்டதுதான்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். என் கட்டிலருகே நின்று, தன் தையல் தழும்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கேட்டாள்: "நான் உடம்பை அறுத்துக் குடுத்தேன்டா. உன்னால ஒரு டம்ளரை வேணாம்னு தள்ள முடியலையா?"

காலை மணி எட்டாகியிருந்தது. மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான்.