மாமாவின் எக்சசைஸ்

என் தாய்மாமா நல்ல கனம். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். தீபாவளிக்கு லிந்துலைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் அவர் கைகளைப் பிடித்துத் தொங்குவோம். மரம் மாதிரி நிற்பார். எனக்கு அதில் பெரிய பெருமை. பிறகு ஒருநாள் கடையிலேயே பாரிசவாதம் வந்து விழுந்தார். இடது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறியது. கல்யாணம் ஆகாதவர், கூடப் பிறந்த அக்கா என் அம்மா ஒருத்திதான். ஆகவே வேனில் படுத்தபடி லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கே வந்து சேர்ந்தார். அந்தக் கனமும் கூடவே வந்தது.

அப்பாவுக்குக் கொழும்பில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் மாமாவைத் தூக்குவது அம்மாதான். காலையில் துடைத்து, துணி மாற்றிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவாள். மத்தியானம் ஓடி வந்து புரட்டிப் படுக்க வைப்பாள். பின்னேரம் முதுகில் கிடந்த கூடையை இறக்கிய கையோடு மறுபடியும் அவரைத் தூக்குவாள். அவள் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. அலுத்துக்கொள்ளவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எக்சசைஸ் சொல்லிக் கொடுக்கும் சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். பாதியைத் தமிழில் சொல்வார், மீதியைச் செய்து காட்டுவார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்க வேண்டும். நல்ல கையால் மற்றக் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழும்பிப் பழக வேண்டும். மாமா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நல்லாயிருந்த காலத்திலேயே எக்சசைஸ் செய்யாதவன் இனிச் செய்து எங்கே போகப்போகிறேன் என்பது அவர் கட்சி. பக்கத்துக் காம்பராக்காரர்களும் அவர் பக்கம்தான். எக்சசைஸெல்லாம் டவுனில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு; மலை ஏறி இறங்குகிற நமக்கு எதற்கு என்றார்கள். மலை ஏறி இறங்கியது அம்மா, படுத்திருந்தது மாமா. அதை யாரும் யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பின்னேரம். அம்மா மாமாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் போனாள். ஈரக்கால் சிமெந்துத் தரையில் வழுக்கிவிட்டது. இரண்டு பேரும் மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அம்மா எழும்பவில்லை. கட்டில் காலில் சாய்ந்தவள், மாமாவின் தலை மடியில் கிடக்க, அப்படியே தூங்கிப்போனாள். மலையில் நனையாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுப்பப் போனேன். மாமா நல்ல கையால் என்னைத் தடுத்தார்.

"தூங்கட்டும் பாப்பா. விடு."

அவள் தானாக விழிக்கும் வரை, அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் லீவு. "அந்த மிஸ் என்னென்ன செய்யச் சொன்னாங்க? ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து நான் டீச்சர், மாமா மாணவர். ஆரம்பத்தில் கட்டில்தான் கிறீச்சிடும், இடுப்பு அசையாது. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்து வழியும். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்குப் போதும் என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி தொடங்குவார். லீவு முடிந்த பிறகு, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா வருவதற்கு முன் செய்து முடிப்போம். அக்காவிடம் சொல்லிவிடாதே என்றார். நடந்து காட்டி அம்மாவைத் திகைக்க வைக்கப் போகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அம்மாவைத் தவிர லயத்தில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். இந்த வருஷம் மாரியம்மன் தேருக்குப் பின்னால் எங்கள் மாமா நடந்து வருவார்.

தேர் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தது. மாமா கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாக ஒற்றைக் கையால் கும்பிட்டார். வெளியே பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடி வந்தேன்.

"ஏன் மாமா நடக்கல? அவ்வளவு செஞ்சதும் சும்மாவா?"

"நடக்கிறதுக்குன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார் மாமா.

எனக்கு அழுகையாக வந்தது. அவரோடு பேசாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா கோயிலிலிருந்து வந்து சேலை மாற்றினாள். வழக்கம்போல முந்தானையைச் சொருகிக்கொண்டு, மாமாவுக்குக் கீழே விரித்திருந்த துணியை மாற்றக் குனிந்தாள்.

"இரு அக்கா, நீ தூக்காத," என்றார் மாமா.

நல்ல காலை ஊன்றி இடுப்பைத் தூக்கினார். கொஞ்சம்தான் உயர்ந்தது. அம்மா பழைய துணியை உருவி, புதியதை விரிக்கும் வரை அப்படியே நிறுத்திப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழும்பி, ஒற்றைக் காலில் திரும்பி, நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அம்மாவின் கைகள் இரண்டும் தூக்குவதற்கு நீட்டியபடியே இருந்தன.

அவள் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு அங்கேயே குந்திக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

மாமா தேருக்கு நடக்காததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"அழாதம்மா. அடுத்த வருஷம் மாமா நடந்துருவாரு."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி பாப்பா," என்றாள்.