நேற்றிரவு இந்த வீட்டில் படுத்தவர்கள்

“உங்கள் மகளுக்கு ஓகஸ்டில் தொடங்கும் வகுப்பில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.” தென்சுவீடனில் நாங்கள் வசிக்கும் சிறு நகரின் கொம்யூனிலிருந்து, நம் வழக்கில் நகரசபையிலிருந்து, வந்த கடிதத்தின் முதல் வரி இது. கடிதம் கிடைத்த நாளை மூலையில் பென்சிலால் குறித்து வைப்பது என் பழக்கம். இதில் பெப்ரவரி, செவ்வாய் என்று இருக்கிறது. நாங்கள் யாரிடமும் இடம் கேட்டிருக்கவில்லை. மகளுக்கு ஆறு வயதாகப் போகிறது என்பதும், எந்தத் தெருவில் எந்த மாடியில் இருக்கிறாள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. வேறு பாடசாலை வேண்டுமானால் கேட்கலாம் என்று கீழே ஒரு குறிப்பு. ஊரில் என் தங்கை தன் மூத்தவனை முதலாம் ஆண்டில் சேர்க்க மின்கட்டணச் சிட்டை, காணி உறுதி, வாக்காளர் பதிவு என்று ஒரு பையை நிரப்பிக்கொண்டு அலைந்தாள். அங்கே இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதைப் பெற்றோர் பாடசாலைக்கு நிரூபிக்க வேண்டும். இங்கே பாடசாலை பெற்றோருக்கு அறிவிக்கிறது.

இந்த நாட்டில் வீடு வீடாகச் சென்று ஆட்களை எண்ணுவதில்லை. பிறந்ததும் ஓர் எண். திருமணம், பிரிவு, வீடு மாறுதல், மரணம் எல்லாம் அந்த எண்ணின்கீழ் சேர்கின்றன. அதை வைத்திருப்பது வரித் திணைக்களம் என்பதை நம்ப எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. எந்தப் பகுதியில் குழந்தைகள் கூடுகிறார்கள், எங்கே முதியவர்கள் துணையின்றி இருக்கிறார்கள், எந்த வயதில் பெண்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் இந்தப் பதிவிலிருந்தே படிக்கிறார்கள். பிறகு ஒரு வகுப்பறை கூடுகிறது, ஒரு மகப்பேற்று நிலையம் இடம் மாறுகிறது, ஒரு பேருந்து மருத்துவமனை வாசல்வரை போகிறது. நான் துறைசார்ந்தவன் அல்லன். நூலகத்தில் கிடைப்பதை வாசிப்பவன். நான் புரிந்துகொண்டது இவ்வளவே: ஆட்களைச் சரியாக எண்ணாத இடத்துக்கு மருந்தும் ஆசிரியரும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

கடிதத்தில் பிழையாக இருந்த என் தொலைபேசி இலக்கத்தைத் திருத்த கொம்யூன் அலுவலகத்துக்குப் போனேன். பிர்கிட்டா என்ற பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து என்றேன். திரையில் நான்கு என்றிருப்பதாகச் சொன்னார். ஐந்தாவது என் உம்மா என்றேன். அவர் எப்போது வந்தார்? வரவில்லை, இலங்கையில் இருக்கிறார். அப்படியானால் அவர் உங்கள் வீட்டில் இல்லை. இல்லை, அவர் இருப்பதும் எங்கள் வீடுதான் என்றேன். இருவரும் உண்மையைத்தான் பேசினோம் என்று நினைக்கிறேன். அவர் சற்று யோசித்து, உறவினரை அழைத்துக்கொள்வது பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை மிகுந்த பரிவோடு நீட்டினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உம்மா இருப்பது சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கமாக, ஒழுங்கை எனப்படும் ஒரு சிறு சந்தில். நம் பகுதியின் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. தங்கைக்கு நிக்காஹ் முடிந்ததும் உம்மாவும் வாப்பாவும் முன்வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, பின்வளவில் அறையும் குசினியுமாகக் கட்டிய சிறு வீட்டுக்கு மாறினார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கமானார். பிறகு தங்கையின் கணவர் அவளையும் பிள்ளைகளையும் கட்டாருக்கு அழைத்துக்கொண்டார். முன்வீடு பூட்டிக் கிடக்கிறது. உம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது பாதத்தில் ஒரு புண், ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. கட்டுப் போடுவதற்கு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், வாங்குப் பலகையில் காத்திருந்து, களைத்துத் திரும்புவார். சில வாரம் போகவே மாட்டார். கால் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், சொன்னதில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, வேலைக்குப் புறப்படுமுன் உம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது பத்து மணி கடந்திருந்தது. வாசலில் யாரோ கூப்பிட, உம்மா அழைப்பைத் துண்டிக்காமலே தொலைபேசியைத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்தார். வந்தவர் ரிசானா. அதே கரையிலுள்ள பாலமுனைப் பெண், குடும்பங்களைப் பற்றிய ஆய்வொன்றில் களப்பணி செய்யும் பட்டதாரி. கதிரை இழுக்கும் சத்தமும் பின் பேச்சும் கேட்டன.

“வீட்டில ஆரெல்லாம் இரிக்காங்க மாமி?”

“நான், மகன், மருமகள், அவங்கட புள்ளகள் ரெண்டு.”

“மகன் எங்க?”

“பள்ளிக்குப் போயிரிக்காரு.”

பள்ளிவாசலுக்குப் போயிருப்பதாகச் சொல்லப்பட்ட அந்த மகன் நான். ஒன்றும் செய்யத் தோன்றாமல் செருமினேன்.

“மாமி, போன்ல ஆரோ செருமுறாங்க.”

“அது மகன்தான்.”

“பள்ளிக்குள்ள இருந்தா?”

“தொழுதுட்டு வெளிய நிண்டு கதைக்காரு.”

“பத்து மணிக்கு என்ன தொழுகை வக்து மாமி?”

“லுஹா தொழுவாரு. உனக்கென்ன புள்ள?”

லுஹா என்பது முற்பகலில் விரும்பியவர் தொழும் உபரித் தொழுகை. ரிசானா சிரித்துவிட்டார். “இந்த ஒழுங்கையில எல்லா ஆம்புளயளும் லுஹாக்குத்தான் போயிரிக்காங்க. அடுத்த வீட்டு மாமாவும் அங்கதான் எண்டாங்க. அவர் சவூதியில எண்டு மறுகாத்தான் தெரிஞ்ச. எங்கட பாலமுனையிலயும் இதே கததான். கணக்குப்படி பாத்தா, பள்ளியில நிக்க இடம் இரிக்காது!”

உம்மாவும் சிரித்தார். பிறகு தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்.

ரிசானா எனக்கு விளக்கியது இது. ஆய்வின் முந்தைய சுற்றில் இந்தக் கரையோரத்தில் தனியாக வாழும் முதிய பெண்கள் அநேகமாக இல்லை என்று முடிவு வந்தது. தனித்து வாழும் முதியோரை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தாதியர் திட்டம் அந்த முடிவை வைத்தே பங்கிடப்பட்டது. நம் பக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. பாடசாலைத் தரவிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளைக் குடும்பங்கள் வீட்டுக் கணக்கில் சேர்த்திருந்தன. வகுப்பில் கதிரைகள் காலியாக இருந்தன. யாரும் ஏமாற்ற நினைத்ததாக அவர் கருதவில்லை. கேள்வியில்தான் பிழை என்றார். “வீட்டில ஆரு இரிக்கா எண்டு கேட்டா, ஆரு எங்கட ஆள் எண்டு சொல்றாங்க.” ஆகவே கேள்வியை மாற்றியிருந்தார்கள்.

அதை உம்மாவிடம் கேட்டார். “நேத்து ராவு இந்த வீட்டில படுத்த ஆக்கள் ஆரு மாமி?”

உம்மா தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இண்டைக்கு ஏலா புள்ள. நாளைக்கு வா” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தயக்கத்தை விளங்கிக்கொள்ள ஊரின் கடந்த காலத்தைத் தெரிந்திருக்க வேண்டும். எண்ண வருபவர் எதற்காக வருகிறார் என்பதைப் பார்த்தே நாம் விடை சொல்லிப் பழகினோம். யுத்த காலத்தில் வாசலில் நின்று கேட்டவர்களுக்கு ஒரு விடை. சுனாமிக்குப் பின் உலர் உணவுக்காகக் குடும்பத்தைப் பதிந்தவர்களுக்கு இன்னொன்று. வீட்டில் ஆண் இல்லை என்று ஒரு பெண் அந்நியருக்குச் சொல்வது எந்தக் காலத்திலும் புத்திசாலித்தனமாகக் கருதப்படவில்லை. இதைப் பொய் என்று வகைப்படுத்த எனக்கு மனமில்லை; வாசலுக்குப் போடும் தாழ்ப்பாள் போன்ற ஒன்று. ஆனால் தாழ்ப்பாள் தாதியையும் வெளியே நிறுத்திவிட்டது.

அன்று வேலை முடிந்ததும் மீண்டும் அழைத்தேன். உள்ளதைச் சொல்லுங்கள், பெயர் எங்கும் வெளியாகாது, கால் கட்ட ஆள் வரும் என்று வரிசையாக விளக்கினேன்.

“ஒரு பொம்புள தனியக் கிடக்கா எண்டு எழுதுவாங்க. ஊரு என்ன கதைக்கும்?”

“ஊருக்கு ஏற்கெனவே தெரியும்தானே உம்மா.”

“தெரியிறது வேற மகன். நானே என்ட வாயால சொல்றது வேற. நான் தனிச்சவ எண்டா, நீ ஆரு?”

“நான் அங்க இல்லத்தானே” என்றேன். புறப்பட்டு வந்த இத்தனை காலத்தில் அந்த வாக்கியத்தை அவரிடம் நான் சொன்னது அதுவே முதல்முறை. அவர் பக்கம் தூரத்தில் ஐஸ்பழ வண்டியின் பாட்டுக் கேட்டது.

“அப்ப என்ட காலுக்கு மருந்து கட்ட ஆள் வாறதுக்கு, உன்ன வீட்டில இல்லயெண்டு நான் சொல்லணும். அப்பிடித்தானே?”

“ஓம் உம்மா.”

“சரி, சாப்பிட்டியா?” என்று கேட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ரிசானா வந்து போனார் என்பது உறுதி. எதிர்வீட்டிலும் அதையே சொன்னார்கள். உம்மா என்ன சொன்னார் என்பது தெரியாது. கேட்டபோது, “கேட்டதுக்குச் சொன்ன” என்றார். ஒரு வீட்டின் விடையை வெளியே சொல்லும் உரிமை ரிசானாவுக்கு இல்லை. உரிமை இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். ஓகஸ்டில் எங்கள் ஒழுங்கைக்கு வாரந்தோறும் தாதி ஒருவர் வரத் தொடங்கினார். இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. அந்த ஒழுங்கையில் தனியாகப் படுக்கும் பெண்கள் பலர். உம்மா பழைய விடையையே சொல்லியிருந்தாலும் மற்றவர்களின் விடைகள் தாதியைக் கொண்டுவந்திருக்கக்கூடும். வந்தவர் பக்கத்து வளவுக்கும் எட்டிப் பார்த்திருக்கலாம். தரவு வேலை செய்யும் விதம் அதுதான். ஒருவர் மௌனமாக இருந்தாலும் அயலார் பேசியதால் அவருக்கும் பயன் கிடைக்கிறது.

புண் இப்போது சுருங்கி வருகிறது. போன வாரம் தாதி கட்டுப் போடும்போது நான் தொலைபேசியில் இருந்தேன். உம்மா வீடியோவைப் போட்டு அதைக் கதிரையில் தலைகீழாகச் சாய்த்திருந்தார். எனக்கு முன்வீட்டின் பூட்டிய கதவும், தாதியின் கையும், பாதமும் வானத்திலிருந்து தொங்குவதுபோலத் தெரிந்தன.

“போன்ல ஆரு மாமி?” என்று தாதி கேட்டார்.

“இந்த வீட்டு மகன்.”

“எப்ப வருவாரு?”

“அவர் எங்க போன, வாறதுக்கு?” என்றார் உம்மா. தாதி சிரித்துக்கொண்டே துணியைச் சுற்றினார்.

ரிசானாவின் பதிவில் அந்த இரவுக்கு எதிரே ஒருவர் என்றிருக்கிறதா, ஐவர் என்றிருக்கிறதா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.